யார் கை என்று நீ சொல்லவில்லை

இன்று தொழிற்சாலையில் புது சிலிகான் ட்யூப் ஒன்றைப் பிரித்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், கையெல்லாம் பசையோடு.

கல்லூரியில் மூன்றாம் வருடம். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ரிமோட் வண்டி செய்கிற போட்டிக்கு நாம் இருவரும் பெயர் கொடுத்தோம். உன் அப்பா குவைத்தில் இருந்ததால், அறந்தாங்கி வீட்டில் மிக்ஸியையும் மோட்டாரையும் நீயே பிரித்துப் பழகியிருந்தாய். சர்க்யூட்டை டிபன் பாக்ஸில் வைத்துத் தண்ணீர் புகாதபடி சிலிகான் பூசினாய். பிவிசி பைப்பை வெட்டிச் சக்கரத்துக்குத் துடுப்பு வைத்தாய். உன் வேகத்துக்கு என்னால் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கக்கூட முடியவில்லை. கண்மாயில் விட்டுப் பார்த்தபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏத்தா, அது இங்கிட்டு வருமா, அங்கிட்டே போயிருமா?"

"வரும்க்கா. வராட்டி நான் நீந்திப் போய்க் கூட்டியாருவேன்" என்றாய். இரண்டு முறை நீந்தவும் செய்தாய்.

போட்டியில் வண்டி தொட்டித் தண்ணீரை அழகாகக் கடந்தது. கரையேறும் சரிவில்தான் சக்கரம் வழுக்கியது. ஓட்டம் தொடங்கியபின் யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்பது விதி. நடுவர் கடிகாரத்தைப் பார்த்த நொடியில் நான் விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன். ஏறிவிட்டது. கைதட்டினார்கள். முதல் பரிசு நமக்குத்தான் என்று பேச்சு. நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவரிடம் போனாய்.

"சார், அது தானா ஏறலை. எங்க கை பட்டுருச்சு."

போட்டியிலிருந்து நம்மை நீக்கினார்கள். பஸ்ஸில் உன்னோடு பேசாமல் வந்தேன். "கோவமா புள்ள? ஏறலைன்னு ஒத்துக்கிட்டாத்தான் ஏற வைக்க முடியும்" என்றாய். மறுவாரமே சைக்கிள் டயரை வெட்டிச் சக்கரத்தில் ஒட்டினாய். கண்மாய்க் கரையில் வண்டி தானாகவே ஏறியது. பார்க்க நாம் இருவர்தான் இருந்தோம்.

யார் கை என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. உன் கை என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. போன வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். "அது ஒன் கையா?" என்றவர் உன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அவசரக்காரின்னு அவள எத்தன தடவ ஏசியிருப்பேன். ஒரு நாளு மறுத்துப் பேசலையே அவ."

இப்போது வேலையில் ஏதாவது தவறி, "யார் செஞ்சது?" என்று கேட்டால், மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் "நான்தாங்க" என்று சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. உனக்கு அன்று நடுங்கவில்லை.