இடது கால் இன்னும் வெட்டவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், தையல் மிஷின் நலம், ஊசி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பார்க்கிறோம், ஆனால் கழுத்துக்கு மேலே மட்டும். மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், பக்கத்தில் உன் அம்மா இருப்பாள். மெசேஜில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுக் கதையை முடித்துவிடுவாய். காகிதத்தில் வந்தால் அந்த வசதி உனக்குக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே விட்டுப்போன நீல ஜீன்ஸை, முட்டி கிழிந்ததே அதை, ஷார்ட்ஸாக வெட்டித் தைத்துக் கூரியரில் அனுப்பச் சொன்னாயாம், உன் அறையில் ஃபேனைப் போட்டாலும் அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். அந்த ஊர்க் கடையில் ஷார்ட்ஸே விற்பதில்லையா என்று கேட்டேன். "அவனுக்கு அந்த ஜீன்ஸ்தாங்க இடுப்புல ஒழுங்கா உக்காரும், உங்களுக்கு என்ன தெரியும்" என்றாள் உன் அம்மா. சரி, நமக்கு என்ன தெரியும். ஊரில் உள்ள எடை மிஷின்களையெல்லாம் சரிபார்த்து முத்திரை போடுகிறவனுக்கு இரண்டு கால் வெட்டத் தெரியாதா என்று வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காகிதத்தில் முதலில் படம் வரைந்தேன், அதற்கே அவளுக்குப் பொறுக்கவில்லை. "மடிச்சு வச்சு ஒரு வெட்டு, முடிஞ்சது. இதுக்குப் பாலம் கட்டுற மாதிரி பிளான் எதுக்கு" என்றாள். அவளுக்கு நாள் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை, பக்கத்தில் யார் எதைச் செய்தாலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் மேசைக்கு அடியில் அவள் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் படம் இல்லாமல் வெட்டியிருந்தால் குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான், இந்தக் கால் நீளம் அந்தக் கால் நீளம் என்று மாற்றி மாற்றி நறுக்கிக் கடைசியில் இடுப்புப் பட்டை மட்டும்தான் உனக்கு வந்திருக்கும். ஜீன்ஸில் இடுப்பு முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும், மேலிருந்து அளந்தால் கோணல் வரும். அதனால் இரண்டு காலின் உள்தையலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, துணி நகராமல் இருக்க என் எடைக்கற்களை மேலே ஏற்றி, கவட்டிலிருந்து கீழே அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். மடித்துத் தைக்க இரண்டு விரல் கூடுதலாக விட்டேன். வலது காலை வெட்டினேன், நூல் பிடித்த மாதிரி வந்தது. தைக்கும்போது பக்கத் தையல் சேருகிற இடத்தில் துணி கனம், ஊசி பட்டென்று போனது. போன மாதம் திரைச்சீலை தைக்கும்போது அவள் உடைத்த ஊசியைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே இல்லை, அவள் உடைத்தால் மண்குடம், நான் உடைத்தால் பொன்குடம். வேறு ஊசி மாட்டுவதற்கு முன்னால் அந்தக் கனமான இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன், அதுதான் முறை. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சார் அடிக்கிறீர்கள் என்றார். ஜீன்ஸை அடிக்கிறேன் என்றேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவம், அது என்ன சார் பண்ணுச்சு" என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது தம்பி.

வலது கால் முடிந்ததும், இன்னும் குறைக்க வேண்டுமா, முட்டிக்கு எவ்வளவு மேலே நிற்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. "நாலு விரக்கடை மேல" என்றாள் அவள். யார் விரல் என்றேன், முறைத்தாள். அப்புறம் ஜீன்ஸைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், "இப்ப இன்னும் வளந்திருப்பான்ல" என்றாள். உன் முட்டி இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவன், அதனால் நேராகவே கேட்கிறேன். ஷார்ட்ஸைக் கூரியரில் கேட்கிறவன் லீவுக்கு வரப்போவதில்லை, சரியா? வருவதாக இருந்தால் வந்து போட்டுக்கொண்டு போவாயே. இந்தக் கணக்கை நான் போடுவதற்கு முன்பே உன் அம்மா போட்டுவிட்டாள். உன்னிடம் பேசிப் போனை வைத்ததும், ஏற்கெனவே துவைத்து அடுக்கியிருந்த ஜீன்ஸை எடுத்துப் போய் மறுபடியும் துவைத்தாள். ஏன் என்று கேட்டால், வெட்டுவதற்கு முன்னால் துணி சுருங்க வேண்டுமாம். எத்தனை வருஷப் பழைய துணி அது, இனிமேல் எங்கே சுருங்கப்போகிறது.

என்னால்தான் வராமல் இருக்கிறாய் என்றால் அதையும் சொல்லிவிடு. போன தடவை வந்தபோது சோபாவில் படுத்தாய், காலையில் போர்வையை மடித்து வைத்தாய், சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கினாய், போகும்போது எனக்குத் தேங்க்ஸ் வேறு சொன்னாய். சொந்த வீட்டில் எவனாவது போர்வையை மடிப்பானா? உன் கட்டிலில் என் எடைக்கற்கள் இருந்தால், யோவ் இதை எடுய்யா என்று ஒரு சத்தம் போட வேண்டியதுதானே, உன் அம்மா தினம் அப்படித்தான் பேசுகிறாள், நான் என்ன கரைந்தா போய்விட்டேன். நான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவன், உனக்கு முன்பே இந்த வீட்டில் இருந்தவன் இல்லை. உன் கட்டில் இப்போது காலி, கற்களையெல்லாம் பால்கனி அலமாரிக்கு மாற்றிவிட்டேன், உனக்காக இல்லை, கட்டில் வளைகிறது.

ஆகவே இடது காலை வெட்டவில்லை. வலது கால் ஷார்ட்ஸ், இடது கால் பேன்ட், அந்தக் கோலத்தில் உன் அறைக் கதவில் தொங்குகிறது. நீ இங்கே தரையில் வெறுங்காலோடு நின்றால்தான் மிச்சம். நேற்று மனசு கேட்காமல் சரி போகட்டும், வெட்டி அனுப்பிவிடுவோம் என்று கத்தரிக்கோலைத் தேடினேன், வீடு முழுக்கக் காணோம். கடைசியில் குடை எடுக்கப் போனபோது அவள் காருக்குள், லைசென்ஸ் வைக்கிற பெட்டியில், துணியில் சுற்றி இருந்தது. பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி, லீவை இந்த வாரமே எழுதிக் கொடு. வருகிற தேதியை எனக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குப் போன் செய்து நீயாகவே சொல்கிற மாதிரி சொல். கை கால் சுகத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து நான்.

பின்குறிப்பு: அளவை எடுத்துப் போனில் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே. மற்றவன் எடுத்த அளவை நம்பி நான் எதிலும் முத்திரை போடுவதில்லை.