அக்கரைக்குப் போனவள்

என்னங்க, பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். நாம் கிள்ளானில் பார்த்தோமே, சீனச் சண்டைப் படம், அதன் நாயகன்தான். புருவம்கூட நரைத்துவிட்டது. எத்தனையோ வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் படிக்கட்டிலேயே ஓர் உதை உதைத்துக் காட்டியிருப்பீர்கள். நான் தனியாகப் போய் டிக்கெட் வாங்கினேன்.

முதல் பாகத்துக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போனது, நம் முதல் குழந்தை தங்காமல் போய், நான் வாசலைக்கூடத் தாண்டாமல் கிடந்த சமயம். "வா புள்ள, சும்மா உக்காந்திருந்தா போதும். கதைய நான் சொல்றேன் லா" என்றீர்கள். நான் கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். திரையின் கீழே ஓடும் மலாய் வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நீங்களோ செந்தூல் ரயில் பட்டறையில் சீன நண்பர்களோடு வேலை பார்த்தவர், அவர்கள் பேச்சு புரியும். படம் முழுக்க என் இடப்பக்கம் உட்கார்ந்து, காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

கடைசிச் சண்டையில் நாயகனின் மனைவி மலையுச்சியிலிருந்து ஆற்றில் விழுந்தாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாயகன் கரையில் நின்று ஏதோ சொன்னான்.

"சாகல புள்ள. நீந்தி அக்கரைக்குப் போயிட்டாளாம். அம்மா வீட்டுல இருக்காளாம். போய்க் கூட்டிட்டு வரேன்னு சொல்றான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்து, பல நாளைக்குப் பிறகு, வறுத்த நூடுல்ஸ், ஒரு தட்டு மீ கோரெங், முழுதாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் பாகம் தொடங்கியதும் நாயகன் ஒரு கல்லறை முன்னால் ஊதுபத்தி ஏற்றினான். பக்கத்து இருக்கையில் ஒரு தமிழர் இருந்தார்.

"அது யாரோட கல்லறை தம்பி?"

"அவரோட வைஃப், ஆன்டி. முதல் படத்துலேயே ஆத்துல விழுந்து செத்துட்டாங்களே."

"இல்லியே, நீந்திப் போயிட்டாளே."

"மாத்தி ஞாபகம் வச்சிருக்கீங்க, ஆன்டி" என்றார் அவர், மெதுவாக.

இத்தனை வருடமாக அவளை நான் அம்மா வீட்டில் உட்காரவைத்திருந்தேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. உங்கள் தொடையில் ஓங்கி ஓர் அடி வைக்கவேண்டும்போல இருந்தது. என் இடப்பக்கத்து இருக்கையில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில்தான் இன்னொன்று உறைத்தது. நீங்கள் போவதற்குச் சில மாதம் முன்பு, மருத்துவமனையில் டாக்டர் உங்களிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். என்னவாம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல புள்ள. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடுமாம். உப்பக் கொறைக்கச் சொல்றாரு."

அவ்வளவு நேரமும் உப்பைப் பற்றியா பேசினார்? நம்பினேன். உப்புக் குறைத்துச் சாம்பார் வைத்தேன். நீங்கள் தேறிவிடுவீர்கள் என்று இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன். என்னைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் தனியாக விழித்துக் கிடந்தீர்களா?

இப்போது வங்கியிலோ மருந்துக்கடையிலோ யாராவது வேகமாக ஆங்கிலம் பேசினால், என் தலை தானாக இடப்பக்கம் சாய்கிறது. "ஆன்டி, புரியுதா?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அப்படியே நிற்கிறேன்.