ஐந்து சீட்டில் ஒரு பதில்

மாப்ள,

சீட்டுக்கட்டில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. நேற்று உன் கருமாதி முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறது, உள்ளே போய் இதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தது. உசிலம்பட்டி வெயிலில் பந்தலுக்குக் கீழே நின்று மோந்து பார்த்தேன். கப்பலூரில் நம் கம்பெனி ஸ்டோர் ரூம் அப்படியே மூக்கில் ஏறியது. கட்டு முழுவதும் ஒரு ரப்பர் பேண்டில் இருக்க, ஐந்து சீட்டை மட்டும் தனியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாய். மூன்று சிவப்பு, இரண்டு கறுப்பு. நூல் இற்றுப்போய்க் கையோடு வந்துவிட்டது.

கொடுக்கும்போது தங்கச்சி ஒரு வார்த்தையும் சொன்னது. அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேலே எழுத ஓடாது.

நீ ஸ்டோர் கிளார்க், நான் டைம் கீப்பர். கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தவன் நீ. சிம்மக்கல் லைப்ரரியில் இருந்து தடித் தடியாக இங்கிலீஷ் புத்தகம் எடுத்து வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் உயிரை வாங்குவாய். "ரெண்டு களவாணிய ரெண்டு ரூம்புல தனித்தனியா அடச்சுட்டாக மாப்ள. ஒருத்தன் என்ன சொல்றான்னு மத்தவனுக்குத் தெரியாது. நீயா இருந்தா வாயத் தொறப்பியா, மூடுவியா?" என்பாய். "ரசஞ்சோறு ஆறுது, மொதல்ல நீ வாய மூடு" என்பேன். நீ விடமாட்டாய். ஒருத்தன் முடிவு அடுத்தவன் முடிவைப் பார்த்து, அடுத்தவன் முடிவு இவன் முடிவைப் பார்த்து, இப்படியே போனால் உலகத்தில் நல்லது எப்படித்தான் நடக்கும் என்று சோற்றுக் கையோடு யோசிப்பாய்.

இந்த ஐந்து சீட்டு வித்தை பிறந்தது நம் வெட்டி மரியாதையால். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நீ கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கூப்பிட்டால் உனக்கு வராது. இரண்டு பேருக்குமே பிடிக்காத எத்தனை படத்தை அடுத்தவனுக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்! இந்தக் கூத்து ஒருநாள் பேச்சுவாக்கில் தெரிந்துபோனபோது தலையில் அடித்துக்கொண்டாய். மறுவாரமே சீட்டுக்கட்டோடு வந்து நின்றாய்.

நடுவில் ஒரு சிவப்புச் சீட்டு, குப்புற. அதற்கு இந்தப் பக்கம் என்னுடைய இரண்டு, அந்தப் பக்கம் உன்னுடைய இரண்டு. ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. சம்மதம் என்றால் சிவப்பை நடுச்சீட்டை ஒட்டி வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் கறுப்பை. மற்றது அதற்கு வெளிப்பக்கம், எல்லாமே குப்புறத்தான். பிறகு ஐந்தையும் வரிசை குலையாமல் அடுக்கி, முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளுக்கு ஒரு வெட்டு. மேலிருந்து கீழே எத்தனை சீட்டு போனது என்று அடுத்தவனுக்குத் தெரியாது. கடைசியில் வட்டமாக வைத்துத் திருப்புவோம். மூன்று சிவப்பும் சேர்ந்து நின்றால் இரண்டு பேருக்கும் சம்மதம். பிரிந்து நின்றால் சம்மதமில்லை. வேண்டாம் என்றது நீயா, நானா, இரண்டு பேருமா என்று அந்தச் சீட்டைப் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

"மனசுல உள்ளது உள்ளயே இருக்கும் மாப்ள, பதில் மட்டும் வெளிய வரும்!" என்று குதித்தாய். இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். "ஒரு ஓட்ட இருக்குடா. சம்மதம்னு வச்சவன், சீட்டு பிரிஞ்சு நின்னா, அடுத்தவன்தான் வேண்டாம்னுட்டான்னு கண்டுபிடிச்சிருவான். வேண்டாம்னு வச்சவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. எப்பிடிப் பண்ணாலும் இந்த ஓட்டய அடைக்க முடியாது." மேட்னிக்குப் போக இம்புட்டு ஆராய்ச்சியா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என்று நினைவு. தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்த பாண்டியின் வலது கை நசுங்கிப் போனது. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி வலையை, வேலை வேகமாக ஓட வேண்டும் என்று முந்தின நாள் சூப்பர்வைசர்தான் கழற்றச் சொன்னார். ஸ்டோர் வாசலில் நின்று நாம் இரண்டு பேரும் பார்த்தோம். கழற்றிய வலையை உன் ஸ்டோரில்தான் கொண்டுவந்து போட்டார்கள். ஆனால் கம்பெனி எழுதியது வேறு: பாண்டியே கழற்றினான், எல்லாம் அவனுடைய அஜாக்கிரதை. அது நிலைத்துவிட்டால் கை போனவனுக்கு வேலையும் போகும், நஷ்டஈடும் கிடையாது. திங்கட்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வருவதாக இருந்தது.

சாட்சி என்று பார்த்தால் நாம் இரண்டு பேர்தான். ஒருத்தன் மட்டும் சொன்னால் எடுபடாது. சொன்னவன் மறுநாள் வேலை போய்க் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பான். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னால் தட்டிக்கழிக்க முடியாது. சனிக்கிழமை காலையில் பாண்டியின் சம்சாரம் பெரியாஸ்பத்திரியில் இருந்து நேராக வந்து கேட்டுப் பக்கம் நின்றது. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பாத்தீகன்னு அவுக சொன்னாக. கூட்ட வேணாம், கொறைக்க வேணாம். பாத்ததச் சொன்னாப் போதும்ணே." நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று உள்ளே வந்துவிட்டேன்.

உன்னிடம் நேராகக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் நீ சீட்டுக்கட்டை எடுத்தாய். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா சேந்து சொல்வோம். இல்லன்னா, யாரு என்னான்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிறதில்ல" என்றாய்.

நான் கறுப்பை ஒட்டி வைத்தேன், மாப்ள.

பயம்தான், வேறென்ன. அந்தப் பயத்துக்கு ஒரு சாக்கும் கண்டுபிடித்தேன். நீ எப்படியும் வேண்டாம் என்றுதான் வைப்பாய். நான் சம்மதம் என்று வைத்தால் நீ பயந்தாங்கொள்ளி என்று எனக்குத் தெரிந்துபோகும். தெரிந்த பிறகு உன்னோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? வேண்டாம் என்று வைத்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே! நீ பார்த்து வருத்தப்பட்ட ஓட்டை வழியாகவே நான் நழுவினேன்.

வட்டமாக வைத்துத் திருப்பினாய். இரண்டு சிவப்பு ஒன்றாக, ஒன்று தனியாக. நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி மாப்ள, வா, டீ குடிப்போம்" என்று எழுந்தாய். கடையில் வழக்கம்போல உன் கிளாசில் பாதியை என் கிளாசில் ஊற்றினாய். திங்கட்கிழமை ஒருவர் பின் ஒருவராக ஆபீசர் முன்னால் போய் நின்று, இரண்டு பேரும் "கவனிக்கல சார்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பாண்டி ஊரோடு போய்விட்டான். செக்கானூரணி தாண்டி ரோட்டோரத்தில் வீடு. ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் இருந்து, "நல்லா இருக்கீகளாண்ணே?" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் என் ஊர் வருவதற்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன்.

அதற்குப் பிறகு நீ சீட்டை எடுக்கவே இல்லை. ஆனால் பாதி டீயை ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. அதை வைத்துத்தான் நான் முடிவு கட்டினேன்: நீயும் வேண்டாம் என்றுதான் வைத்திருப்பாய், என்னைப் போல உனக்கும் ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் அந்த நினைப்பில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மஞ்சள் காமாலை முற்றி நீ படுத்திருந்தபோது பார்க்க வந்தேனே, என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னடா மாப்ள" என்றாய். நான் ஒரு மடையன், மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது என்று பேசிவிட்டு வந்தேன்.

நேற்று தங்கச்சி சொன்னது இதுதான். "அண்ணே, சாகுறதுக்கு மொத வாரம் இந்தக் கட்ட எடுத்து உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக. 'அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி'ன்னு மூணு நாலு தடவ சொன்னாக. அம்புட்டுப் பெருசா என்னண்ணே உங்களுக்குள்ள?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு வெளையாட்டு" என்றேன்.

வருத்தம் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், வருத்தப்பட ஒன்று இருந்திருக்க வேண்டுமே. நான் வேண்டாம் என்று வைத்தது யாருக்குத் தெரியும்? சம்மதம் என்று வைத்தவனுக்கு மட்டும்தான். பத்து வருஷம் அதைத் தெரிந்துகொண்டா எனக்குப் பாதி டீ ஊற்றினாய்?

ஏன்டா சொல்லவில்லை? இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்ததே. வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியிருந்தால் நான் வந்திருப்பேனடா. வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுக்கிறதில்லை என்று சொன்ன ஒரு வார்த்தைக்காகவா வாயை மூடிக்கொண்டாய்? உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அப்புறம், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அழுகை வருகிறது. அழுது இனி யாரிடம் போய் என்ன சொல்ல?

இன்று காலை ஐந்து சீட்டையும் மேசையில் வைத்தேன். நடுச்சீட்டை வைத்து, என் சிவப்பை அதை ஒட்டி வைத்தேன். அந்தப் பக்கம் வைக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இனி ஆள் தேவையும் இல்லை. மிச்சமிருக்கிற சாட்சி நான் ஒருத்தன்தான். பாண்டி உயிரோடுதான் இருக்கிறான். அவன் முன்னால் போய் நின்று "நான் பார்த்தேன்பா" என்று சொல்ல யார் சம்மதமும் வேண்டியதில்லை.

நேற்று உசிலம்பட்டியில் இருந்து திரும்பிய பஸ் பாண்டி வீட்டு வழியாகத்தான் வந்தது. வீடு இடது பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும், மாப்ள. உன் சீட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.