வெறுங்கால் நேர்ச்சை

என் உயிருக்கு உயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏற்றிவிட்டார்கள். நம் பெங்களூர் காக்ஸ் டவுன் தெருவில் மாதாவுக்கு நேர்ந்து காவி உடுத்தியவர்கள் தென்பட ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றுக் காலை உன் வீட்டுக்காரர் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார். காபியைக்கூடத் தொடவில்லை.

"ஸ்டெல்லா நேர்ச்சை நின்னு போச்சும்மா. இந்த வருஷம் அவளுக்காக நீ சிவாஜிநகர் மாதா கோயில் வரைக்கும் வெறுங்கால்ல நடந்துடு. எனக்கு முட்டி ஒத்துழைக்கல" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று மாமாவை அனுப்பிவைத்தேன். உன்னிடம் முதலில் பேச வேண்டும் போலிருந்தது.

உன் குதிகால் வலி எப்படித் தொடங்கியது, நினைவிருக்கிறதா? காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் "இயேசுவே" என்பாய். நாலு எட்டு நடந்தால் குறையும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாய். டாக்டரிடம் போகலாம் என்றால், "மாதாவுக்கு ஒப்புக்கொடுத்துட்டேன், அவங்க பாத்துப்பாங்க" என்பாய். வலி போனால் வருடா வருடம் திருவிழாவுக்கு வெறுங்காலில் வருவதாக நேர்ந்துகொண்டாய்.

சில வருடங்களில் வலி போயே போய்விட்டது. குதிகாலில் மட்டுமல்ல, பாதத்தில் எங்கேயுமே ஒன்றும் தெரியவில்லை, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தாய். வெள்ளியில் கால் உருவம் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை செலுத்தினோம். சர்க்கரை உள்ளவளுக்குப் பாதம் மரத்துப் போவது நரம்பு கெட்டதன் அறிகுறி என்று நம்மில் யாருக்குத் தெரிந்தது, அக்கா?

கடைசியாக நீ நடந்து திரும்பியபோது உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. நீ உணரவேயில்லை. படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்து மாமா கண்டுபிடித்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் காலை. அதன் பிறகும் உன்னை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

இப்போது எனக்கும் குதிகால் வலி. நம் குடும்பச் சொத்தான சர்க்கரையும் இருக்கிறது. போன வாரம் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதம் மரத்திருக்கிறதா என்று பார்க்க மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டார். எல்லா இடமும் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "ரொம்ப வலிக்குதா மேடம்?" என்றார்.

எனக்கு உள்ளங்காலின் அடியில் ஓடும் தசைநாரில்தான் கோளாறாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடுமாம். கட்டிலை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து முகத்தை நோக்கி இழுத்துவிடுகிறேன். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுகிறேன். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புதான். சர்க்கரைக்காகத் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். நீ இருந்தால், "காலுக்கு மேக்கப் பண்றியாடி?" என்று கேலி செய்திருப்பாய்.

இன்று மாமாவைப் போய்ப் பார்த்தேன். "ஷூ போட்டுக்கிட்டு நடக்கிறேன் மாமா. வெறுங்கால்ல மாட்டேன்" என்றேன்.

"அது நேர்ச்சை ஆகுமா?"

"அக்கா செருப்பு போட்டிருந்தா இன்னிக்கு நம்மகூட நடந்திருப்பா."

மாமாவின் முகம் சுருங்கிப் போயிற்று. சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் வலது காலை மெதுவாகத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார்.

"எனக்கும் சுகர்தானே. கொஞ்ச நாளா இந்தக் கால்ல ஒண்ணும் தெரியலம்மா. வலி இல்லையேன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

அந்தக் காலை என் மடியில் எடுத்து, விரலிடுக்கு விடாமல் பார்த்தேன். கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், விடவில்லை. புண் எதுவும் இல்லை, அக்கா. நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இனி தினமும் அவர் பூசை முடிந்து வரும்போது அந்தக் காலை நான் பார்ப்பேன். திட்டினாலும் பார்ப்பேன். இவரை உன்னிடம் அவ்வளவு சீக்கிரம் அனுப்பமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
லில்லி