ஒரு குடம் நல்ல தண்ணீர்

14.6.2005, செவ்வாய் இரவு

தலை இன்னும் பிசுபிசுக்கிறது. சீப்பு இறங்க மாட்டேன் என்கிறது.

மகளிர் குழுவில் தேங்காயெண்ணெய்ச் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டதிலிருந்து அண்ணி ஷாம்பு பாக்கெட் வாங்குவதில்லை. கெமிக்கலாம், முடி கொட்டுமாம். எனக்கும் அந்தச் சோப்பு வாசனை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிந்துபோய் முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது.

இன்று காலை குளித்துவிட்டு உப்பளத்துக்குப் போனேன். செல்வி அக்கா எல்லார் முன்னாலும், "இன்னாடி, உப்பு குவியல்ல தலைய உட்டு எடுத்தியா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். வேலை முடியும்வரை தலையில் போட்ட துண்டை நான் எடுக்கவில்லை.

மத்தியானம் வந்து அண்ணியிடம் கேட்டேன். ஈரத் தலையை உதறிக்கொண்டே, "நானும் அதே சோப்புதான் போடறேன். எனக்கு மட்டும் எப்படி பளபளன்னு இருக்குது? உனக்கு அலசவே தெரியல" என்றாள்.

குடிக்கத் தண்ணீர் மொள்ளப் போனேன். குடத்தைக் காணோம். குளிக்கிற தட்டி மறைவில் காலியாகக் கிடந்தது. விடியற்காலையில் தெருக்குழாயில் நின்று நான் பிடித்து வந்த குடிதண்ணீர்!

காலிக் குடத்தை எடுத்து வந்து அதன் இடத்திலேயே வைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அடுத்துத் தலைக்குக் குளிக்கிற வெள்ளிக்கிழமையும் நான்தான் தண்ணீர் கொண்டுவருவேன். வாசலிலேயே நின்று, அண்ணி பார்க்க, முதல் குடத்தை என் தலையில் ஊற்றிக்கொள்வேன். ஏன் என்று கேட்கட்டும்.