பாவு ஏன் வளைகிறது

ஜூன் 9, 2008. திங்கள்

கேமரா வந்துவிட்டது. கலியாணசுந்தரம் சார் சென்னையிலிருந்து தானே காரில் எடுத்துவந்து கொடுத்தார். பட்டு நெசவு பற்றி அவர் பதிப்பகம் போடும் பெரிய புத்தகத்துக்கு எல்லாப் படங்களும் நான்தான் எடுக்கப்போகிறேன். மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். நம்ம ஸ்டுடியோவில் இருப்பதெல்லாம் இதன் முன்னால் பொம்மை.

"லென்ஸ் ஒண்ணுதாம்மா. எண்பது மில்லிமீட்டர், ஸ்டாண்டர்ட். ஜூம் எல்லாம் கிடையாது. கிட்டப் போகணும்னா நீங்கதான் நடந்து போகணும்" என்றார்.

அவர் போனதும் சிவபாலன் பெட்டியைத் திறந்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி கேமராவைத் தூக்கினார். "இத தூக்கினு நான் ஓடிட்டேன்னா இன்னா பண்ணுவ?" என்று சிரித்தார். கட்டின புருஷனுக்கே பொறாமை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

பிள்ளையார்பாளையம், கமலாட்சி அக்கா வீட்டுத் தறி. கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓடு வழியாக வருவதுதான் வெளிச்சம். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்துவைத்தேன். அந்த இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருந்ததால் கையால் வளையத்தைத் திருப்பி எடுத்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் அக்காவின் கண் மங்கல், காது கூர்மை. இன்னொன்றில் முகமே மங்கல், பின்னால் இருக்கிற தறிக்கால் மட்டும் பளிச்சென்று. பாதிக்கு மேல் இப்படித்தான். இமை மயிரை எண்ணிவிடலாம் போலக் காட்டுகிற கேமரா. ஒரு விரற்கடை தவறினாலும் மறைக்க இடமில்லை.

லென்ஸில் ஏதோ கோளாறு.

ஜூன் 14, சனி

சுவரில் செய்தித்தாளை ஒட்டி லென்ஸைச் சோதித்தோம். ட்ரைபாடில் வைத்து நான் எடுத்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தப்பு. அதே இடத்தில் அவர் எடுத்தது எல்லாம் சரி.

"லென்ஸ் மேல பழி போடாதம்மா. கண்ணாடி மாத்தணும் போல உனுக்கு."

இருக்கலாம். மைனஸ் பதினொன்று. சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டி. கல்யாணங்களுக்கு எடுக்கும் சின்ன கேமரா ஃபோகஸை அதுவே பார்த்துக்கொள்ளும், அதனால் தெரியவில்லை போல. அடுத்த வாரம் கண்ணாடிக் கடைக்குப் போகவேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

கமலாட்சி அக்கா வீட்டில் புதுப் பாவு பூட்டியிருந்தார்கள். அரக்கு நிறம். தறியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆயிரக்கணக்கான இழைகள், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அதுதான் படம் என்று மனசில் முடிவே செய்துவிட்டேன். குனிந்து வ்யூஃபைண்டரில் பார்த்தேன்.

நடுவில் இழைகள் வளைந்திருந்தன.

தண்ணீரில் கூழாங்கல் போட்ட மாதிரி, நடுவில் மட்டும் ஒரு குழிவு. கண்ணை எடுத்து நேரில் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. மறுபடி வ்யூஃபைண்டர். வளைவு. கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். வளைவும் கூடவே நகர்ந்தது.

"இன்னா சங்கீதா, பாவு எங்கனா அறுந்துக்கினு இருக்குதா? அப்படி முறைக்கிற?" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லி எடுத்தேன். லேப்டாப்பில் திறந்தால் ஒவ்வோர் இழையும் நேர்.

அப்போ கோளாறு லென்ஸில் இல்லை.

ஜூன் 18, புதன்

குளியலறை ஜன்னல் கம்பி. இடது கண்ணை மூடினால் வளைகிறது. வலது கண்ணை மூடினால் நேர். கேமராவே இல்லை கையில்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நாள் முழுக்கக் கம்பி, கதவு, காலண்டர், பேருந்தின் ஜன்னல் என்று கோடு கோடாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை நேராக இருக்கும் என்று ஒரு நப்பாசை.

இன்று அக்காவின் முகத்தை எடுக்கும்போது, வலது கண்ணுக்கு அவர் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. முகத்தைச் சுற்றி எல்லாம் இருக்கிறது. நெற்றிப் பொட்டு, தோடு, நரைத்த முடி. நடுவில் முகம் இல்லை.

"நான் நல்லா விழுறேனாம்மா?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கீங்கக்கா."

ஆட்டோஃபோகஸைப் போட்டு, அது சரி என்று காட்டும் விளக்கை மட்டும் நம்பி எடுத்தேன். யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு முப்பத்தைந்து வயசுதான்.

ஜூன் 22, ஞாயிறு

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகலாம் என்று எங்கள் பெண் வள்ளி அடம் பிடித்தாள். பிராகாரத்தில் தூண் வரிசையைப் பார்த்து நின்றுவிட்டேன். வலது கண்ணை மட்டும் திறந்தால் தூணெல்லாம் இடுப்பில் அடி வாங்கினவை மாதிரி ஒடிந்து நிற்கின்றன. புதன்கிழமை இருந்ததைவிட அதிகம். நாலு நாளில்!

வள்ளியைப் பிடித்து, "ஒரு கண்ண மூடிக்கினு பாரு, தூண் நேரா இருக்குதா?" என்று கேட்டேன். அவளுக்கும் இப்போதே மைனஸ் நான்கு. எட்டு வயசு.

"நேரா தாம்மா இருக்குது."

"நல்லா பாரு! அந்தக் கண்ண மூடு, இதத் திற!"

குழந்தை பயந்து அழுதுவிட்டாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவபாலன் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்து அப்படியே நின்றார். அங்கேயே, குளத்துப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டினார். "இத்தினி நாளா நெஞ்சுக்குள்ள வெச்சிக்கினு என்னோடயே உக்காந்து சோறு துன்னுக்கினு இருந்தியே! நான் இன்னா செத்தா பூட்டேன்?" வள்ளியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

சென்னை. பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து விட்டு, விட்டு, உலகமே வெள்ளையாகிவிட்டது. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். அங்கேயும் கேமராதான். தாடையை வைத்து, அசையாதீங்க என்கிறார்கள். இத்தனை வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்னது.

டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். மைனஸ் அதிகமாக இருப்பவர்களுக்குக் கண்ணின் பின்சுவர் மெலிந்திருக்குமாம். அங்கே வேண்டாத ரத்தக்குழாய் ஒன்று முளைத்து, நீர் கசிந்து, சுவர் உப்பியிருக்கிறது. அந்த உப்பல்தான் கோட்டை வளைக்கிறது. சும்மா விட்டால் நடுப்பார்வை போய்விடும்.

"மருந்து இருக்குது. கண்ணுக்குள்ள ஊசி போடணும்."

"கண்ணுக்குள்ளயா?"

"உள்ளதான்மா. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவோம்."

"போட்டா பழையபடி தெரியுமா மேடம்?"

"மேல கெட்டுப்போகாம நிறுத்தப் பாக்குறோம். ஏற்கெனவே போனது எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

இன்னொரு கண்ணுக்கும் வருமா என்று சிவபாலன்தான் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், தினமும் கட்டம் போட்ட அட்டையில் கோடு நெளிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். பெண்ணையும் வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிவரச் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் நான் கண்ணை மூடியே இருந்தேன். சிவபாலன் பக்கத்து சீட்டுக்காரரிடம் மழை பெய்யுமா என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமாக வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

நாளைக்கு ஊசி. சாப்பிட முடியவில்லை. இடது கண்ணும் போய்விட்டால்? வள்ளி பெரியவள் ஆகும்போது அவள் முகம்? காமாட்சி, தாயே.

ஜூன் 25, புதன்

முடிந்தது. வலிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இமை மூடாமல் ஒரு கம்பியை மாட்டினார்கள். மூட முடியாத கண்ணோடு, வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். "மேல பாருங்க" என்றார்கள். ஓர் அழுத்தம். அப்புறம் கண்ணுக்குள் கறுப்பு மை சுருள் சுருளாகக் கரைந்தது.

செத்துவிட்டது கண் என்று நினைத்து அலறிவிட்டேன். மருந்துதானாம். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

கலியாணசுந்தரம் சார் ஃபோன் செய்தார். எத்தனை நாள் சாக்கு சொல்வது? சொல்லிவிட்டேன்.

"முதல்ல உடம்பப் பாருங்கம்மா" என்றார். அப்புறம், "ஆகஸ்ட் கடைசிக்குள்ள வேணும். வேற ஒருத்தர வெச்சு முடிச்சுக்கட்டுமா?"

ஃபோனைப் பொத்திக்கொண்டு சிவபாலனைப் பார்த்தேன். அவர் எடுப்பார், என்னைவிட வேகமாகவே எடுப்பார், சந்தோஷமாக எடுப்பார். அவர் தலையை ஆட்டினார். "நீ சொல்லு. நான் இதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பத்து நாள் குடுங்க சார். எடுத்து அனுப்பறேன். சரியா இல்லன்னா நானே கேமராவக் கொண்டாந்து குடுத்துடறேன்."

எந்த தைரியத்தில் சொன்னேன்?

ஜூலை 8, செவ்வாய்

இடது கண்ணால் எடுக்கப் பழகுகிறேன். பதினேழு வயசிலிருந்து வலது கண்தான். இடது கண்ணை வைத்தால் மூக்கு கேமராவின் முதுகில் இடிக்கிறது, கண்ணாடி நெரிகிறது, ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே கை மறந்துவிடுகிறது. சட்டகமே வேறொருவருடையது போல இருக்கிறது. எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளி வைக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

கமலாட்சி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். பரிதாபப்படப் போகிறார் என்று கூசியது. ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "குந்து. நின்னுக்கினே எடுத்தா ஆடுது உனுக்கு" என்றார். அப்புறம் தன்பாட்டுக்கு நெய்ய ஆரம்பித்தார்.

படங்கள் மோசம். ஒன்று மட்டும் சுமார்.

ஜூலை 12, சனி

பயத்தோடேயே எடுக்கிறேன். ஒவ்வொரு படமும் எடுத்தவுடன் கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். சிவபாலன் அங்கே உட்கார்ந்து பெரிதாக்கி, ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, "முன்னால", "பின்னால", "புடிச்சிட்ட" என்று மட்டும் சொல்கிறார். ஜூம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஒரே தூரம், ஒரே பார்வை. நகர வேண்டியது நான் மட்டும். சாயங்காலம் "புடிச்சிட்ட" கொஞ்சம் கூடியது.

ஜூலை 14, திங்கள்

படங்கள் அனுப்பியாயிற்று. சார் தொடரச் சொல்லிவிட்டார். அழுதேன்.

ஜூலை 23, புதன்

இரண்டாவது ஊசி. இந்த முறை அந்தக் கறுப்பு மை வரும் என்று தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் இடது கண்ணால் கட்ட அட்டையைப் பார்த்தபோது ஒரு கோடு நெளிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டிருந்திருக்கிறது. துடைத்ததும் நேர்.

இனிமேல் வாழ்க்கை முழுக்க இப்படித்தானா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். கசிவு காய்ந்துவிட்டது. உப்பல் இறங்கிவிட்டது. நடுவில் ஒரு தழும்பு. அந்தச் சாம்பல் கறை சிறிதாகியிருக்கிறது, ஆனால் போகாது. "இதோட நின்னா நமக்கு லாபம். மாசா மாசம் வாங்க" என்றார். நல்லதா கெட்டதா என்று புரியாமல் நானும் சிவபாலனும் படியிறங்கி வந்தோம். எதிர்க் கடையில் அவர் கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேலை முடிந்தது. நாளைக் காலை கேமராவைக் கொண்டுபோக ஆள் வருகிறது. பெட்டியில் வைப்பதற்கு முன் சிவபாலனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவரை ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை.

"என்னை எதுக்கு? மூஞ்சி ஷேவ் கூடப் பண்ணல" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். லென்ஸை முழுக்கத் திறந்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, நானே வளையத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு படம்.

அவர் டீ போடப் போனதும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் கண்ணில் சரியாக விழுந்திருக்கிறது. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனி. கீழிமை விளிம்பில், மூக்கை ஒட்டி, ஈரம். வழியாமல் நிறைந்து நிற்கிறது. பேருந்தில் மழை பற்றிப் பேசியவர், லேப்டாப் முன்னால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர். நேரில் அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"நல்லா வந்துச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார்.

"வந்துச்சுங்க" என்றேன்.

லேப்டாப்பை மூடிவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போனேன்.