நூற்று நாற்பதில் பதினொன்று

புக்கிட் ரோத்தான்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தர்மினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் அண்டாமல், வேலை முடிந்து வந்ததும் சூடாக எதையாவது சாப்பிட்டு, நன்றாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் லோரியில் ஏறும்போது மட்டும் இன்னும் அம்மா என்று முனகுகிறார், என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு தடவை ஓடிப் போனேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் போட்டுப் பார்த்துவிட்டு, என் மகளுக்கு நம்ம ஊர் மறந்து போச்சு என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். கழற்றத்தான் மாட்டேன் என்கிறார்.

போன வாரம் நீ போனில் பேசியபோது நான் வேலை செய்த அந்த அறிக்கையின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், உன் வார்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயர் அச்சில் வந்ததைக் காட்ட வேண்டும் என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. உனக்குத் தெரியுமே, பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, ஒரு மைல் திரும்பி நடந்து வருகிறவள் நான். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், உன் ஓய்வு நாளில் வைத்துப் படி. சாப்பிடும்போது படிக்காதே, அருவருப்பான சங்கதிகள் இருக்கின்றன.

நம் கரையோரத்தின் இயற்கை வளங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலை என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள சேற்றுத் திட்டில் என்னை வேலைக்கு எடுத்த கம்பெனி பத்து நிலையங்கள் குறித்திருந்தது. கடல் வற்றும் நேரத்தில் முருகையா அண்ணனின் படகில் போய் இறங்குவோம். பைப்பால் செய்த ஒரு சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதற்குள் இருப்பதைக் கையால் தோண்டி, சல்லடையில் அலசி, கெராங் சிப்பி எத்தனை, நண்டு எத்தனை என்று கம்பெனி கொடுத்த படிவப் பாரத்தில் எழுத வேண்டும். சேற்றில் வேரூன்றி நிற்கும் பாக்காவ் மரங்களையும் பறவைகளையும் தனியாக எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். முருகையா அண்ணன் நான் பென்சிலும் ஃபைலுமாக நிற்பதைப் பார்த்து, என்னா டீச்சர், சேத்துக்கெல்லாம் மார்க் போட வந்துட்டீங்களா, பாஸா பெயிலா என்று கேலி செய்வார். நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன். நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் படித்து வாங்கிய பட்டத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த வேலை, அதனால் சேறு இடுப்புவரை வந்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் தர்மினி, அந்தச் சேறு இருக்கிறதே, அதைச் சேறு என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே வெயில் பட்டுப் பளபளவென்று நன்றாகத்தான் தெரியும். ஒரு சாண் தோண்டினால் தார் மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஒரு சட்டத்துக்குள்ளிருந்து குழந்தையின் டயாப்பர் வந்தது, அதற்குள் ஒரு நண்டு குடியிருந்தது. இன்னொன்றில் ஷாம்பு பாட்டில், ஊசி, கோயில் மாலையின் நைலான் நூல். நம் ஆட்கள் ஆற்றில் விட்டதுதான், யாரைக் குறை சொல்ல. இதையெல்லாம் எழுதப் பாரத்தில் கட்டம் இல்லை. மரம் எண்ணியது இன்னும் கேவலம். படகில் இருந்தபடி தண்ணீரோரம் நிற்கும் பாக்காவ் வரிசையை மட்டும் எண்ணச் சொன்னார்கள். அந்த ஒரு வரிசைக்குப் பின்னால் எல்லாம் வெட்டி மொட்டையாகக் கிடக்கிறது, வெள்ளத்தில் வந்த குப்பை மலையாகக் கிடக்கிறது. முன்னாடி மட்டும் பல்லு கட்டின கெழவன் மாதிரி லா டீச்சர், உள்ள பூரா பொக்கை என்றார் முருகையா அண்ணன். எங்கள் குழுத் தலைவர் டாக்டர் விஜேந்திரனிடம் மெதுவாகச் சொன்னேன். எண்ணுற கோடு தண்ணி ஓரமாத்தான் போகுது லோகா, பிளான்ல அப்படித்தான் இருக்கு என்றார்.

இதெல்லாம் அவர்கள் செய்தது. நான் செய்ததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பாசிர் பெனாம்பாங்கில் ஒரு சீனர் சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் நான் கெராங் கழுவினேன் என்று உனக்குக்கூட அதிகம் சொன்னதில்லை. தினமும் மூட்டை மூட்டையாக வரும். செத்த சிப்பி எல்லாம் வாய் பிளந்து கிடக்காது. சிலது செத்து அழுகி, உள்ளே சேறு நிறைந்து, இறுக மூடிக்கொண்டு உயிருள்ளது மாதிரியே இருக்கும். அப்படி ஒன்று சட்டியில் விழுந்து உடைந்தால் சட்டி முழுவதும் சாக்கடைதான். அதனால் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டி, இன்னொன்றோடு தட்டிப் பார்த்துத்தான் போடுவோம். உயிருள்ளது கல் மாதிரி சத்தம் கொடுக்கும், சேற்றுச் சிப்பி மொத்தென்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் நாள் முதல் நிலையத்தில் என் கை தானாகவே அப்படித்தான் ஆட்டியது. டாக்டர் விஜேந்திரன் பார்த்துவிட்டு, என்னங்க லோகா, பாசார்ல பேரம் பேசுற ஆன்ட்டி மாதிரி ஆட்டிப் பாக்குறீங்க, மூடியிருந்தா எண்ணுங்க, தெறந்திருந்தா தூக்கிப் போடுங்க, அவ்வளவுதான் மெத்தட் என்று சொல்ல, எங்களோடு எண்ண வந்த யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு முகமெல்லாம் சுட்டது. பட்டம் வாங்கியும் பின்கட்டு வாசம் போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். அதோடு ஆட்டுவதை நிறுத்தினேன். இரண்டு மாதம், பத்து நிலையங்களிலும் மூடியதையெல்லாம் எண்ணினேன். கையில் எடுக்கும்போதே மொத்தென்று தெரியும். தெரிந்துகொண்டே கோடு போட்டேன். ஐந்து ஐந்தாகக் கட்டி அழகாக வேறு போட்டேன்.

வரைவு அறிக்கை வந்தது. கெராங்குக்குப் பச்சை, நல்ல நிலை. மரத்துக்கும் பச்சை. வளம் ஏராளமாக இருப்பதால் திட்டின் வடக்கு ஓரத்தில் மண் கொட்டி நிரப்பி ஓட்டலும் படகுத்துறையும் கட்டினால் பெரிய பாதிப்பு இல்லை என்று அதன் அடியில் எழுதியிருந்தது. அந்த வடக்கு ஓரத்தில்தான் முருகையா அண்ணனோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் படகைக் கட்டி நிறுத்துகிறார்கள். களப்பணி என்ற இடத்தில் என் முழுப்பெயர், பக்கத்தில் பட்டம். அன்றைக்குத்தான் உனக்குச் சந்தோஷமாகச் செய்தி அனுப்பினேன். மறுநாள் டாக்டர் எங்களைச் சாப்பிட அழைத்துப் போனார், பாசிர் பெனாம்பாங்கிலேயே ஒரு கடை. மேசைக்குக் கெராங் வந்தது. சாப்பிடுங்க லோகா, எல்லாம் நீங்க எண்ணினதுதான் என்று அவர் சொல்ல, தட்டு வைத்த நம் தமிழ்ப் பொண்ணு சிரித்துவிட்டாள். நம்ம ஆத்து கெராங்கா சார், அது கண்ணுல பட்டு ரெண்டு வருசம் ஆச்சு லா, இது தாய்லாந்துல இருந்து ஐஸ் பெட்டியில வர்றது என்றாள். டாக்டரும் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர்களைப் பார்த்து வந்த குமட்டல் பாதி, என் விரல்களைப் பார்த்து வந்தது மீதி.

அடுத்த நாள் நானே முருகையா அண்ணனைக் கூப்பிட்டு ஏழாம் நிலையத்துக்குப் போனேன். அறிக்கையில் அதிகமான எண்ணிக்கை அங்கேதான். என்ன டீச்சர், பெயிலான பேப்பர மறுபடி திருத்துறீங்களா என்றார். ஆமாம் அண்ணே என்றேன். அவர் அப்புறம் கேலி செய்யவில்லை, தானும் இறங்கித் தோண்டினார். மூடிய சிப்பிகள் நூற்று நாற்பது கிடைத்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய சட்டியில் போட்டு வேகவைத்தேன். உயிருள்ளது வெந்தால் வாய் திறக்கும். பதினொன்று திறந்தது. மற்றதெல்லாம் கம்மென்று கிடந்தது. அப்பா லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், ஐயோ லோகா, எலி எதாச்சும் செத்துக் கெடக்கா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டார். திறக்காததை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன், உனக்குப் பொங்கல் வைக்கும் சட்டி இல்லை, பயப்படாதே.

டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். எண்ணிக்கை பூட்டியாச்சு, இனி மாத்த முடியாது, மெத்தட்படி மூடியது மூடியதுதான், நீங்க ஃபீல்டுக்குப் புதுசு, இதெல்லாம் பழகிடும் என்று பதில் வந்தது. பழகிடும் என்ற அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை, ஏனென்றால் பழகித்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கோலா சிலாங்கூரில் கூட்டம். ஓட்டல் கட்டப் போகும் நில உரிமையாளர் பக்கத்து ஆட்கள், அதிகாரிகள், கிராமத்துத் தலைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னால் எழுந்து பேச முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரில் வெந்தும் திறக்காத சிப்பிகளைக் கொண்டு போனேன். என்ன லோகா, எல்லாருக்கும் கொழுக்கட்டையா என்று டாக்டர் கேட்டார். ஏழாம் நிலையத்தின் பக்கம் திரையில் வந்தபோது நான் கேரியரைத் திறந்து, ஒரு வெள்ளைத் தட்டை மேசை நடுவில் வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு சிப்பியைப் பிளந்தேன். கறுப்பாக வழிந்தது. இன்னொன்று. அதுவும் அதே. ஒரு சிப்பி தெறித்து அறிக்கையின் பளபளப்பான அட்டைமேல் விழுந்தது, வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் துடைக்கவும் இல்லை. அறை முழுவதும் நாற்றம். உரிமையாளர் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து போய் எலுமிச்சை வாசனை ஸ்பிரேயை எடுத்து வந்து தட்டுக்குமேல் அடித்தார், தர்மினி. சிப்பிக்குமேல் சென்ட் அடித்தார்! எலுமிச்சையும் அழுகலும் கலந்து வந்ததே ஒரு வாடை, இதை எழுதும்போதும் மூக்கிலேயே நிற்கிறது. டாக்டர் என்னிடம் தமிழில் பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்துட்டுப் போங்க, அசிங்கமா இருக்கு என்றார். அசிங்கம்தான் சார் என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. புவான் சல்மா என்று ஓர் அதிகாரி மட்டும் மூக்கை மூடவில்லை. இது எந்த நிலையம் என்று மலாயில் கேட்டார். ஏழு என்றேன். இன்னும் பத்து உடையுங்கள் என்றார். உடைத்தேன். ஒன்றில்கூடச் சதை இல்லை.

பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதே. கெராங்கை மட்டும் மறுபடி எண்ணச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மண் கொட்டும் பேச்சும் அதுவரை நிற்கிறது. மரத்துக்குக் கொடுத்த பச்சை அப்படியே இருக்கிறது, வாசனை ஸ்பிரே அடித்தவர் என்னைப் பார்த்து நமஸ்தே என்று கும்பிட்டுச் சிரித்துவிட்டுப் போனார். மறுநாளே எனக்கு இனி வேலை இல்லை என்று கடிதம் வந்தது, அறிக்கையில் என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். யுனிவர்சிட்டிப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் ரகசியமாகச் செய்தி அனுப்பினாள், ஆன்ட்டி, எப்படித் தட்டிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று. வரச் சொல்லியிருக்கிறேன். முருகையா அண்ணன் இப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் கேலியாக இல்லை, எனக்கு அதுதான் கூச்சமாக இருக்கிறது. அப்பாவிடம் வேலை போனதைச் சொன்னேன். அந்தக் கேரியர்ல இனிமே நான் எப்படிச் சாப்பிடுறது, அதச் சொல்லு மொதல்ல என்றார். புதிதாக வாங்க வேண்டும்.

அட்டைப் படம் இல்லையே என்று வருத்தப்படாதே. புவான் சல்மா என்னை நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன், இரண்டு மாதம் தெரிந்தே தப்பாக எண்ணினேன் என்பதையும் சேர்த்து. அடியில் என் பெயரும் பட்டமும் முதன்முதலாக நானே கையால் எழுதினேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மூடியவை நூற்று நாற்பது, உயிருள்ளவை பதினொன்று. உன் வார்டில் காட்டுவதென்றால் அதைக் காட்டு, வெட்கமாக இருந்தால் காட்டாதே, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

நீயும் தினமும் நோயாளிகளின் பாரம் நிரப்புகிறவள். கையில் பட்டது ஒன்றாகவும் கட்டத்தில் கேட்பது வேறாகவும் இருந்தால் ஓரத்தில் எழுது அம்மாடி. ஓரம் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. நான் இரண்டு மாதம் அதை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

பார்சலில் நெத்திலி சம்பல் வைத்திருக்கிறேன், பாட்டிலை இறுக்கி மூடி டேப் ஒட்டியிருக்கிறது, திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடு. காலுறை போடாமல் தரையில் நடக்காதே. தீர்க்காயுசாக, யாருக்கும் கூசாமல், நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
சிப்பி கழுவிய கையால்
உன் அம்மா
லோகேஸ்வரி சேது